பஞ்ச காலத்துப் படம்

திரையில் பையன் இலந்தை முள்ளுக்குள் கையை விட்டுப் பழம் தேடிக்கொண்டிருந்தான்.

வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சம். ஊரே காலி. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்தபிறகு மிஞ்சிய எட்டு வயதுப் பையன்.

அவளுக்குப் படத்தில் மனம் ஒட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன்மேல் கோபம் கோபமாக வந்தது.

நாளைக்கு அவள் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்காகத்தான் இருவரும் மன்னார்குடி வந்து இறங்கியிருந்தார்கள். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் மாமன் காலில் விழுந்து எழ வேண்டும் என்று காலையிலிருந்து மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முடியாது என்றாலாவது சண்டை போடலாம். பாக்கலாம்மா, பாக்கலாம்மா என்கிறான்.

வளர்த்த மாமன். புருஷன் செத்த கையோடு அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபோது இவனுக்கும் ஏறத்தாழ அந்தப் படத்துப் பையன் வயதுதான். அவள் அங்கே இருந்த வருஷமெல்லாம் இவனை வைத்துச் சோறு போட்டவர். மாதம் தவறாமல் அவள் பணம் அனுப்பினாள், சரி. பணமா பிள்ளையை வளர்க்கும்? அண்ணன் அனுப்பிய போட்டோவில் எல்லாம் பையன் புதுச்சட்டையில் நின்றான். போனில் கேட்டால், சாப்பிட்டேன்மா என்பான்.

இப்படியா நன்றிகெட்டுப் போவான் ஒரு பிள்ளை என்று அவளுக்கு ஆறவே இல்லை.

திரையில் பொழுது சாய்ந்தது. பையன் வெறும் வயிற்றோடு குடிசைக்குள் மல்லாந்து படுத்தான்.

"குப்புறப் படுடா."

மகன்தான். திரையைப் பார்த்துச் சொன்னான். சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

அவள் திரும்பினாள்.

"குப்புறப் படுத்தா?"

"பசி தெரியாதும்மா."

அதன்பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

போட்டோவில் சட்டையைத்தானே பார்த்தாள். கன்னத்தைப் பார்த்திருக்க வேண்டாமா, பாவி, பெற்றவள்தானே. போனை முதலில் அண்ணன்தான் எடுப்பார். பிறகு பையனிடம் கொடுப்பார். கொடுத்துவிட்டு எங்கே போயிருப்பார்? பக்கத்திலேயே நின்றிருப்பார்.

இடைவேளை விட்டார்கள்.

"கெளம்பிடலாமாம்மா?" என்றான் மகன்.

"உக்காரு. முழுசாப் பாக்கணும்."

பார்த்தாள். பையன் திருடினான். அடிபட்டான். ஓடினான். மாட்டுத் தொட்டியில் கஞ்சித்தண்ணீர் அள்ளிக் குடித்தான்.

ஒரு காட்சிக்கும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அழுகை முட்டியது. அழுதால் திரை தெரியாது என்று விழுங்கிக்கொண்டாள். பக்கத்தில் மகன் திரையை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மடியில் போன் அதிர்ந்தது. அண்ணன்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தாள். குரலைத் தணிக்கவில்லை.

"நாளைக்கு நான் மட்டுந்தாண்ணே வர்றேன். தம்பி வரமாட்டான்."

அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ கேட்டார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இப்ப வேணாம். மண்டபத்துல எல்லாரும் இருக்கையில கேக்குறேன்."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். அவள் பதிலுக்கு முறைத்ததில் மனிதர் பேசாமல் திரும்பிக்கொண்டார்.

"என்னம்மா கேக்கப் போற?" என்றான் மகன்.

"நீ படத்தப் பாரு."