பதினோராவது படி

கதவு பின்னால் மூடிக்கொண்டது.

அவள் நின்றாள். கையில் ஏழு வயது மகள் நவீனாவின் கை. காலுக்குக் கீழே படிகள் இருக்க வேண்டும்.

இடைவேளை முடிந்து படம் ஆரம்பித்துவிட்டது.

பேய்ப்படம். கீழே எங்கோ அவள் கணவன், அவனுடைய அக்கா, தங்கை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒன்பது பேர் ஒரு வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தீபாவளிக்கு மறுநாள் எல்லோரும் சேர்ந்து மேட்னி போவது அந்த வீட்டு வழக்கம். மிச்சமிருந்த முறுக்கைப் பையில் போட்டுக்கொண்டு, அலறுவதற்கென்றே ஆசையாகக் கிளம்பி வந்த கூட்டம்.

அவளுக்குப் பேயைப் பற்றிக் கவலையே இல்லை. பேய் திரையை விட்டு இறங்காது.

படிகள்தான்.

அவளுக்கு மாலைக்கண். பகலில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். வெளிச்சம் குறைந்தால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாற்பது வயதில் அவருக்குப் பகலும் போய்விட்டது.

இது அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவள் அம்மா, நல்ல நேரம் என்று சாக்குச் சொல்லிக் காலை பத்தரைக்கு வரவழைத்தாள். அன்றிலிருந்து இவள் ஒன்பது வருடமாகத் தப்பித்து வருகிறாள். தியேட்டருக்குள் முதல் ஆளாக நுழைவாள். விளக்கு எரியும்போதே ஓர இருக்கையைப் பிடித்துக்கொள்வாள். இடைவேளையில் அசைய மாட்டாள். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்திருப்பாள்.

"நம்ம மகாராணி இடைவேளைக்குக்கூட எந்திரிக்க மாட்டா" என்று பெரிய நாத்தனார் கோமு கேலி செய்வாள். இவளும் சிரித்து வைப்பாள். சோம்பேறி என்று பெயர் வாங்குவது எவ்வளவோ மேல். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஒரு சொல் எழுந்தால் அந்த வீட்டில் அது அடங்காது.

இன்றைக்குப் பிள்ளை அடம்பிடித்துவிட்டது. கோமு கூப்பிட்டும் போகவில்லை. "எம்மாதான் வரணும்" என்று ஒரே பிடிவாதம். கழிப்பறையில் வாசல் வரை வரிசை. அவசரத்தில் செல்போனை வேறு இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பதினோரு படி. மதியம் உள்ளே வரும்போதே எண்ணி வைத்திருக்கிறாள். பதினொன்று இறங்கி வலது பக்கம் முதல் இருக்கை. கணக்கெல்லாம் சரிதான். கால்தான் நகரவில்லை.

விழுந்தால் விளக்கைப் போடுவார்கள். கோமு ஓடி வருவாள். எப்படி விழுந்தாய் என்று கேட்பாள். கேட்டதோடு விடுகிற ஆள் இல்லை கோமு.



பிள்ளை இருக்கிறாளே. அந்த நினைப்பு வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

"நீ முன்னால போம்மா. அம்மா பின்னாலயே வாரேன்."

நவீனா போகவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா." யாரோ ஒரு பெரியவரின் குரல். செருப்புச் சத்தம் அவர்களைத் தாண்டித் தடதடவென்று இறங்கிப் போனது.

பிறகு கை மெல்ல இழுபட்டது. நவீனா ஒரு காலை நீட்டித் தரையைத் துழாவினாள். அந்தத் துழாவல் கை வழியாக அவளுக்குத் தெரிந்தது.

ஒரு படி.

மறுபடி துழாவல்.

இன்னொரு படி.

பிள்ளை ஏதோ முணுமுணுப்பது கேட்டது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"மூணு... நாலு..."

பிள்ளையும் படியை எண்ணுகிறாள்.

நவீனா வயிற்றில் இருந்தபோது பத்து மாதமும் இதே பயம்தான். பிறந்த பிறகு ராத்திரி விளக்கில் விரலை ஆட்டி ஆட்டிப் பார்ப்பாள். குழந்தை விரலைப் பிடித்துச் சிரிக்கும். நான்கு வயது வரை பார்த்தாள். தப்பித்தது என்று சாமிக்குத் தேங்காய்கூட உடைத்தாள்.

போன மாதம் கரண்ட் போனபோது நவீனா சோற்றுத் தட்டின் முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சமத்து என்றார்கள். அந்தி நேரத்தில் சைக்கிளைக் கொண்டுபோய் வாசல் தூணில் மோதினாள். பராக்குப் பார்க்கிறாள் என்றார்கள். அம்மாவான அவளும்தான் அப்படிச் சொன்னாள். தன் கண்ணை மறைக்கிற மும்முரத்தில் பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"பத்து. பதினொண்ணு. எம்மா, இங்க திரும்பணும்."

"அப்பா எங்க இருக்காங்க, தெரியுதா?"

"இல்லம்மா. வரும்போதே எண்ணி வச்சுக்கிட்டேன்."

கொஞ்சம் பொறுத்து, இன்னும் தணிந்த குரலில் சொன்னாள்.

"அத்தைகிட்ட சொல்லிராத."

கையை நீட்டினால் இருக்கை. உட்கார்ந்துவிட்டால் போதும். ஒருவருக்கும் தெரியாது. இன்னும் ஒன்பது வருடம் தெரியாது.

திரையில் சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. பேய் வரப்போகிறது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் உட்காரவில்லை. மகளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கணவன் இருக்க வேண்டிய பக்கம் திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"என்னங்க, லைட்டைப் போடச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியல."