இறங்கிய ஷட்டர்

காலை பத்தரை மணிக்கு வங்கியின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஏசி மெக்கானிக் அதைப் படமெடுத்து, "நேத்தே சொன்னேனே, கேட்டீங்களா? பேங்க் திவால்!" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

"அவசரப்படாதீங்கண்ணே, விசாரிப்போம்" என்றார் தையல்கடைக்காரர்.

"வந்துட்டாருய்யா, பேங்க் வீட்டு மாப்பிள்ளை!" என்று மெக்கானிக் எழுத, குழுவில் எண்பது பேர் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வங்கியின் செல்போன் எண்ணிலிருந்தே அவருக்கு அழைப்பு வந்தது. துண்டித்தார். மறுபடியும் வந்தது.

"பாத்தீங்களா, கெஞ்சுறானுங்க! நான் பிளாக் பண்ணிட்டேன். நீங்களும் பண்ணுங்க" என்று குழுவில் எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் ஏறியது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகக் கவுன்ட்டருக்குப் பாய்ந்தார்.

"எனக்கும் எங்கம்மாவுக்கும் சேர்ந்த கணக்கு. பணத்தை இப்பவே எடுத்து வைங்க! வேலை நேரத்துல ஷட்டரை இறக்கிட்டு எங்க ஓடுனீங்க? திருட்டுக் கூட்டம்!"

அவர் நீட்டிய படிவத்தில் பெயரைப் படித்ததும் காசாளர் பெண்ணின் முகம் சிவந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஓடினோம் சார். பேங்க் திவால்னு மகன் அனுப்பின மெசேஜைப் பாத்துட்டு, பதறியடிச்சு வந்த ஒரு அம்மா இங்கேயே மயங்கி விழுந்துட்டாங்க. ஆபீஸ்ல இருக்கிறதே ரெண்டு பேரு. நாங்கதான் தூக்கிட்டுப் போனோம். அந்த மகனுக்கு எட்டுத் தடவை போன் பண்ணேன்!"

மெக்கானிக் கவுன்ட்டர் மீது குனிந்தார்.

"எங்க... அம்மா..."

"கண் முழிச்சுட்டாங்க. மேனேஜர் பக்கத்துலயே உக்காந்திருக்கார்."

கோபம் அடங்காமலேயே தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சீக்கிரம் போங்க. அவங்க பணத்தைக் கேக்கல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."