தொட்டாச்சு

டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

கட்டிலில் படுத்திருந்த செண்பகா ஒரு கண்ணை மட்டும் மூடினாள்.

“ரெண்டையும். பஞ்சு பட்டா ‘தொட்டாச்சு’ன்னு சொல்லணும். தொறந்தா ஊசி.”

“நீங்க தோத்தா ஒங்களுக்கு ஊசி. சரியா?”

டாக்டர் சிரித்தார். கட்டிலோரம் நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளின் முதுகுத்தண்டுக்குள் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. அபூர்வமான கட்டி என்றார்கள். அபூர்வம் என்ற சொல்லை அதுவரை அம்மா நல்லதற்கு மட்டுமே கேட்டிருந்தாள்.

கால்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று இப்போது தெரிந்துவிடும். இல்லாவிட்டால் மறுபடி ஸ்கேன். மறுபடி முதுகைத் திறக்க வேண்டியும் வரலாம்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கையிலிருந்த பஞ்சு கால் கட்டைவிரலில் பட்டது.

“தொட்டாச்சு.”

பாதம்.

“தொட்டாச்சு.”

டாக்டர் தொடாமல் சும்மா இருந்தார். செண்பகாவும் சும்மா இருந்தாள்.

கணுக்கால்.

“தொட்டாச்சு.”

ஒன்றுகூடத் தப்பவில்லை.

“கெட்டிக்காரி,” என்று டாக்டர் பேனாவை எடுத்தார். “ஸ்கேன் வேண்டியதில்லம்மா.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவரைக் கும்பிடக் கையை எடுக்கப் போனாள்.

எடுக்க வரவில்லை.

மகளின் விரல்கள் அவள் பிடிக்குள் நசுங்கிக் கிடந்தன. நுனிகள் வெளுத்திருந்தன.

உறைத்தது. பஞ்சு பட்டபோதெல்லாம் அவள் கை இறுகியிருக்கிறது.

பிள்ளை எதைச் சொன்னாள்? பஞ்சையா, இந்தக் கையையா?

டாக்டர் எழுதத் தொடங்கியிருந்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். இந்தச் சிரிப்போடு வார்டுக்குத் திரும்பிவிடலாம்.

“சார்,” என்று கூப்பிட்டாள். “நான் கையப் புடிச்சிருந்தேன். புடிக்காம ஒருதடவ பாருங்க.”

டாக்டர் அந்த வெளுத்த விரல்களைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

செண்பகாவின் கை காற்றில் துழாவியது.

“எம்மா, எங்க போன?”

இங்கேதான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அந்தக் குரலும் எதையாவது காட்டிக்கொடுத்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றாள்.

டாக்டர் குனிந்தார்.

பஞ்சு பாதத்தில் பட்டது.

துழாவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.