கயிற்றின் மேல்முனை

அரபு நாட்டுக் கடற்கரை ஊரின் புது அருங்காட்சியகத்தில் முத்துக்குளித்த காலத்துக் கூடம் நாளை திறக்கிறது. 1912 என்று எழுதிய பழுப்புப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்த மரப்படகு நடுவில் நிற்கிறது. அதன் பக்கத்தில், நீல வெளிச்சத்துக்குள், காலில் கல் கட்டிய முத்துக்குளிப்பவன் பொம்மை கயிற்றில் தொங்குகிறது. மேலே கயிறு பிடிக்க வேண்டிய பொம்மை இன்னும் வந்து சேரவில்லை. படகில் நிற்கும் தொழிலாளி செல்வசிங்கின் கையில்தான் அந்தக் கயிறு இருக்கிறது.

“பாய்மரத்துல கட்டிட்டு இறங்குங்கண்ணே, யல்லா, சீக்கிரம்!” என்கிறான் சூப்பர்வைசர் விஜின்.

“கட்டக் கூடாது தம்பி. கீழ உள்ளவன் மூச்சு முட்டிக் கயித்தச் சுண்டுனா கைக்குத்தான் தெரியும். மரத்துக்கு என்ன தெரியும்?”

“பொம்மைக்கா மூச்சு முட்டப் போவுது?” விஜின் சிரிக்கிறான்.

“தூத்துக்குடியில எந்தம்பி சங்கு குளிக்க இறங்கும்போது நாந்தான் கயிறு பிடிப்பேன். அன்னைக்கு ஒரு போன் வந்துது. கயித்தப் படகுல கட்டிட்டுப் பேசிட்டிருந்தேன். அவன் சுண்டுனது எனக்குத் தெரியல.”

சிரிப்பு நின்றுவிடுகிறது.  செல்வசிங்கின் சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்குகிறது. விஜின் படகில் ஏறிக் கை நீட்டுகிறான்: “கயித்தக் கொடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க பேசுங்க.”

போன் அடித்து ஓய்கிறது. செல்வசிங் கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்கிறார்.