எட்டாவது வீட்டு விளக்கு

“எல்லாரும் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டாங்கடா! நான் மட்டும் இந்த வோட்டுவாலேவு ஊர்ல யாருக்காக உட்கார்ந்திருக்கணும்? விசா பாரத்துல கையெழுத்துப் போடறேன், என்னையும் சிட்னிக்குக் கூப்பிட்டுக்கோ!” என்று மகனிடம் போனில் கத்தினாள் நாகம்மா.

ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்த நாள் முதல், இந்தியர் வீடுகளில் நடக்கும் கொள்ளைக்குப் பயந்து தெரு முழுக்க விடியவிடிய வாசல் விளக்கு எரிந்தது. ஒரு வீடு இருண்டால், அந்தக் குடும்பம் விமானம் ஏறிவிட்டது என்று அர்த்தம். தலைநகர் சுவாவில் மூன்று நாள் தங்கி விசா பாரம் வாங்கிவந்தவள் நேற்றிரவு பார்த்தபோது, மற்ற ஏழு வீடும் இருட்டு; அவள் போட்ட வாசல் விளக்கு மட்டும் விடியவிடிய எரிந்தது.

போனை வைத்ததும், பக்கத்து வீட்டு அன்வர் விட்டுப்போன கோழிகளின் நினைவு வந்தது. அவனைத் திட்டிக்கொண்டே அரிசியோடு போனாள். அங்கே கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது அன்வரேதான்!

“நீ போகலையா?”

“எங்கேக்கா போறது? யாருமே போகலை.”

“அப்போ விளக்கு?”

“அலாஸ்காவிலிருந்து திலியோப் பறவைங்க வர்ற மாசமில்லையா? வெளிச்சத்துல தடுமாறி சுவத்துல மோதிச் சாகுதுங்க. அதான் ஏழு வீடும் அணைச்சிட்டோம். திருடனுக்காக முறைபோட்டு ஜன்னலோரம் காவல் இருக்கோம். மூணு நாளா ஒண்ணுகூட விழலை.” அன்வர் தயங்கினான். “நேத்து மட்டும் ஒண்ணு. உங்க வாசல்லக்கா.”

நாகம்மா இடுப்பில் செருகியிருந்த விசா பாரத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். “இன்னைக்குக் காவல்ல என் பேரையும் போடு!”

அன்றிரவு எட்டு வீடும் இருண்டு கிடந்தன. எட்டிலும் ஆள் இருந்தது.