சீசனுக்குப் புறப்பட்ட நத்தை

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அருவியில் சீசன் தொடங்கிவிட்டது என்று கேட்ட அன்றே நத்தை புறப்பட்டது. அது வந்து சேர்ந்தபோது சீசன் முடிந்து, பாறையில் நூல் மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே, அக்கா?" என்று பாறைமேல் இருந்த குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "சீசன்ல பார்க்கணும்! யானையையே உருட்டிடும்."

நத்தைக்கு முகம் வாடிவிட்டது. வந்ததற்கு ஒரு வாய் குடித்தது. அப்படி ஒரு குளிர்ச்சி! தண்ணீர் அதன் ஓட்டை நனைத்து மெல்ல இறங்கியது.

"எனக்கு இதுவே பெரிய அருவி, தம்பி," என்று கொம்பை நீட்டி அண்ணாந்து பார்த்தது.

மலைமேல் இடி உருண்டது.

"மழை வருது! இரு அக்கா, நிஜ அருவியையும் பார்த்துடு."

நத்தை குரங்கின் வாலில் ஏறி இறுக ஒட்டிக்கொண்டது.