ஹீட்டர் போடக் கற்றுத்தருபவர்

மாமா இறந்த பிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். அவர்களுடைய அடுக்குமாடி வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு மாலை வகுப்புக்குப் போவேன்.

தங்கியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "வீட்டு ஓனர் கதவைத் திறந்துவிட்டு, ஹீட்டர் போடவும் கத்துக்கொடுத்தார். தங்கமான மனுஷன்."

அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இருப்பதில்லை; நான்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஹீட்டர் சுவிட்சை மாமா பரணுக்குள் வைத்திருந்தார். அதை விருந்தினர்களுக்குச் சொல்ல நான் மறந்தேபோயிருந்தேன்.

அக்கா தனியாகப் போய் அங்கே பல நாள் காத்திருந்தாள். மாமா வரவில்லை.

நாளை முதல் வாடகைக்கு விடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. இன்று அக்கா வேறு பெயரில் முன்பதிவு செய்தாள்.

"சொந்த வீட்டுக்கே விருந்தாளியா? பைத்தியமாக்கா உனக்கு?"

"வாயை மூடிட்டுப் பெட்டியைத் தூக்குடி."

அக்கா அழைப்பு மணியை அடித்தாள். கதவு உள்ளிருந்து திறந்தது. மாமா சிரித்த முகத்தோடு நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க. இங்க முதல் தடவையா வர்றீங்களா?"

அக்கா வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஆமாங்க" என்றாள்.